போன தடவை எழுதிய பர்சனல் ஸ்டேட்மென்ட்டைத் திருத்துவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா?

நெல்லைமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 2013-ல், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா வேலைக்காக இங்கே வந்தோம். இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. 2023-ல் பயாலஜி முடித்தேன்.

2024-ல் முதல் தடவையாக எம்.டி.க்கு, அதாவது இங்கே டாக்டராவதற்கான படிப்புக்கு, விண்ணப்பித்தேன். 22 கல்லூரிகள். கல்லூரி மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 3.71, நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 512. ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது. அதுவும் வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) ஆகி, போன ஜூலைக் கடைசியில் இடமில்லை என்று மெயில் வந்துவிட்டது. அந்த வருடமே மறுபடி போட்டிருக்கலாம்தான். ஆனால் விண்ணப்பத்தில் எதுவுமே மாறவில்லை, மாறாததை எதற்கு அனுப்புவது என்று நிறுத்திக்கொண்டேன். 90 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, சி.என்.ஏ. (நர்ஸ்களுக்கு உதவும் பராமரிப்பாளர்) ஆனேன். ஏழு மாதமாக ஒரு நர்சிங் ஹோமில் இரவு ஷிஃப்ட், பதினொன்றிலிருந்து ஏழு வரை. வருகிற மே மாதம் ஆம்காஸ் (மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) திறந்ததும் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன்.

கேள்வி கட்டுரையைப் பற்றி, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் பர்சனல் ஸ்டேட்மென்ட் பற்றி. பழைய கட்டுரை என் பாட்டியைப் பற்றியது. பாட்டிக்குச் சிறுநீரகம் போய், வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவார்கள். லீவு நாளில் நானும் பஸ்ஸில் கூடப் போவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அங்கே ஒரு டாக்டர் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பேசியதையும், அதைப் பார்த்து எனக்கு மருத்துவ ஆசை வந்ததையும் முதல் இரண்டு பத்தியில் எழுதியிருந்தேன். அடுத்தது கல்லூரி ஆய்வகம். அடுத்தது ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் செய்த தன்னார்வ வேலை. கடைசியில், ஆகவே நான் மருத்துவராக விரும்புகிறேன்.

இன்டர்வியூ தந்த கல்லூரி, இடம் கிடைக்காதவர்கள் கேட்டால் பதினைந்து நிமிடம் போனில் பேசும். கேட்டேன். அந்த அம்மா நல்லபடியாகத்தான் பேசினார். “உங்கள் பாட்டியை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. உங்களைத்தான் தெரியவில்லை” என்றார். அதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் கட்டுரையைத் திருத்த ஒரு ஆலோசகரிடம் பணம் கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது “அந்தக் கணத்தில் நான் உணர்ந்தேன்” என்கிற மாதிரி வாக்கியம் மூன்று இடத்தில் இருந்தது. பாட்டி கையின் சுருக்கத்துக்கு ஒரு வர்ணனை. பாட்டி கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்து வீங்கியிருக்கும், தொட்டால் உள்ளே அதிரும். அந்தக் கையை எனக்குத் தெரியும். அவர் எழுதியிருந்தது வேறு யாருடைய கையோ.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். பழையதில் எவ்வளவு மாற்றினால் போதும்? கல்லூரியில் இருக்கும் அட்வைசர், நாலில் ஒரு பங்கு மாற்று என்கிறார். தோழி ஒருத்தி, ஒரு வரிகூட மிச்சம் வைக்காதே என்கிறாள். இரண்டாவது, போன தடவை கிடைக்காததைக் கட்டுரையில் சொல்ல வேண்டுமா? மூன்றாவது, பாட்டியை எடுத்துவிட வேண்டுமா? இது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை.

கொங்குத்தம்பி:

வணக்கம்ங்க. நான் ஒஹாயோவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட் (பொது மருத்துவத்துல பயிற்சி டாக்டர்), இரண்டாவது வருசம். எனக்கும் இரண்டாவது தடவைதான் கிடைச்சது. அதனால இதைப் படிச்சதும் எழுத உட்கார்ந்துட்டேன்.

முதல்ல ஒன்னு. 2024-ல எந்த மாசம் அனுப்பினீங்கன்னு எழுதலை. ஆகஸ்ட், செப்டம்பர்னா பாதிக் காரணம் அங்கேயே இருக்கு. பெரும்பாலான கல்லூரிகள் வர வர எடுத்துப் பார்த்து, வர வர இன்டர்வியூ கொடுத்துடுவாங்க. ஆம்காஸ்ல மார்க் சரிபார்க்கவே கூட்ட நேரத்துல ஆறு வாரம் வரைக்கும் ஆகும். செப்டம்பர்ல போட்டா, உங்க பேப்பர் அவங்க கைக்குப் போறப்ப பாதி நாற்காலி நிரம்பியிருக்கும். கட்டுரையை மட்டும் குறை சொல்லிக்காதீங்க.

எவ்வளவு மாத்தணும்ங்கறதுக்குச் சதவீதக் கணக்கு கிடையாதுங்க. ஏற்கனவே விண்ணப்பிச்ச கல்லூரியில உங்க பழைய ஃபைல் இருக்கும். அதை எடுத்து வச்சுப் பக்கத்துல பக்கத்துல பார்க்கிறவங்க உண்டு. அதே கட்டுரை நாலு வாக்கியம் மாறி வந்தா, ஒரு வருசத்துல இந்தப் பொண்ணுக்குள்ள ஒன்னும் நகரலைன்னுதான் படும். ஏழு மாசம் ராத்திரி ராத்திரி வேலை பார்த்திருக்கீங்க. அதுக்கப்புறம் எழுதற கட்டுரை பழைய மாதிரி இருக்கவே முடியாது. இருந்தா, அந்த ஏழு மாசம் அதுக்குள்ள வரலைன்னு அர்த்தம்.

நான் செஞ்சது சொல்றேன். பழைய கட்டுரையைப் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்தேன். மூனு கலர் பேனா. யார் வேணாலும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியத்துக்குச் சிவப்பு. இன்னொருத்தரைப் பத்தின வாக்கியத்துக்கு நீலம். நான் செஞ்சது, நான் பார்த்தது, நான் முடிவெடுத்தது மட்டும் பச்சை. மொத்தம் 5,300 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. பச்சை எவ்வளவு வந்துச்சுன்னா, நாலு வரி. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தத் தாளைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வரியை வெட்டி எடுத்து, ஒரு புதுத் தாள்ல ஒட்டி, அங்கிருந்து ஆரம்பிச்சேன்.

போன தடவை கிடைக்காததைக் கட்டுரையில எழுதாதீங்க. ஆம்காஸ் அந்தப் பெட்டிக்கு மேல கேட்கறது ஒன்னே ஒன்னுதான், ஏன் மெடிக்கல் ஸ்கூலுக்குப் போகணும்னு. அதுக்குப் பதில் சொல்லுங்க. போன தடவைக்கு அப்புறம் என்ன மாறியிருக்குன்னு நிறையக் கல்லூரி செகண்டரியில (ஆம்காஸுக்கு அப்புறம் கல்லூரியே அனுப்பற இரண்டாவது விண்ணப்பம்) தனியாவே கேட்கும். அங்கே நேரா, அழாம, காரணம் சொல்லாம எழுதலாம். தேதி போட்டு, மணிக்கணக்கு போட்டு.

வெட்கப்பட ஒன்னும் இல்லைங்க. 2024-ல சுமார் 52 ஆயிரம் பேர் விண்ணப்பிச்சதுல 23 ஆயிரம் பேர்தான் சேர்ந்தாங்க. வருசா வருசம் விண்ணப்பிக்கறவங்கள்ல நாலுல ஒருத்தர் நம்மள மாதிரி மறுபடி வர்றவங்கதான்.

பாட்டியைப் பத்தி இப்ப ஒன்னும் சொல்லலை. முதல்ல இதைச் சொல்லுங்க. அந்த நர்சிங் ஹோம்ல, வீட்டுக்கு வந்து படுத்தப்புறமும் தூங்க விடாத ஒரு ராத்திரி எது? கட்டுரைக்காக யோசிக்காதீங்க. முதல்ல ஞாபகம் வர்றதை இங்கே எழுதுங்க.

நெல்லைமகள்:

ரொம்ப நன்றி அண்ணா. அனுப்பியது செப்டம்பர் 9. நீங்கள் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது.

நீங்கள் கேட்டதற்கு உடனே ஞாபகம் வந்தது ஒன்றுதான். ஆனால் இதில் நான் எதையும் சாதிக்கவில்லை.

ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து விழுங்குவதில் கோளாறு. அப்படிப்பட்டவர்களுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காமல் நுரையீரல் பக்கம் போய்விடும் என்று, தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நான் ஒரு நாள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுப் பார்த்தேன். ஆறிப்போன கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது, ஆனால் கஞ்சியின் ருசி இல்லை. விழுங்கின பிறகும் தாகம் அப்படியே நின்றது.

நவம்பரில் ஒரு ராத்திரி, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவர் அறையின் அழைப்பு விளக்கு எரிந்தது. போனேன். “குழாய்த் தண்ணி. ஒரு வாய்” என்றார். பேச்சு குழறும், ஆனால் இது தெளிவாக இருந்தது. குழாய் அவர் கட்டிலிலிருந்து இரண்டு எட்டு. நான் கெட்டித் தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். கோபம்கூட இல்லை.

குச்சி நுனியில் பஞ்சு வைத்த ஸ்வாப் இருக்கும், வாயைத் துடைக்க. அதைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, உதட்டையும் நாக்கையும் துடைத்தேன். அவர் அந்தப் பஞ்சைக் கடித்துப் பிடித்து உறிஞ்சினார். பஞ்சு கழன்று தொண்டைக்குள் போய்விடும் என்று பயந்து, நான் விரலால் தாடையைத் தட்டி மெதுவாக விடுவித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது, போய்விட்டேன்.

காலையில் நர்ஸிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒன்பதாவது நாள் ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு, விழுங்கும் கோளாறுகளைப் பார்ப்பவர்) வந்து பார்த்தார். பல்லையும் வாயையும் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பாட்டு நேரம் இல்லாதபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணத் தண்ணீர் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ராத்திரி நான்தான் பல் தேய்த்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையைத் திருப்பித் தரவே இல்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைத் தூங்க விடாதது இதுதான். அந்த ஒன்பது ராத்திரியும் அவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னது சரியா? எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்டால் தெரியும் என்றும் தெரியவில்லை.

நாஞ்சில்செவிலி:

மக்ளே, நான் நாகர்கோவில்காரி. இருபது வருஷத்துக்கு மேல நர்ஸ், அதுல பாதி இங்க நர்சிங் ஹோம்லதான். டாக்டர் தம்பி கட்டுரையப் பத்திச் சொல்லட்டு. நான் தண்ணியப் பத்திச் சொல்லுதேன்.

நீ செஞ்சது சரிதான். சி.என்.ஏ. கையில அந்த முடிவு இல்ல. நீ இரக்கப்பட்டு ஒரு டம்ளர் கொடுத்து, அது நெஞ்சுக்குள்ள எறங்கி நிமோனியா ஆச்சுன்னா, அந்தப் பெரியவருக்கு அதுதான் கடைசி. ஆனா நீ கேட்ட கேள்வி இருக்குல்லா, அதப் பெரிய பெரிய டாக்டர்மாரே இன்னும் கேட்டுட்டுதான் இருக்காவ. தண்ணிய எவ்வளவு கெட்டியாக்கணும்னு பூஜ்யத்துல இருந்து நாலு வரைக்கும் ஒலகம் முழுக்க ஒரே அளவு இப்ப வந்தாச்சு. பச்சத் தண்ணி பூஜ்யம். ஆனா கெட்டித் தண்ணி குடுத்தா ஆளு கொறச்சுதான் குடிப்பாவ, ஒடம்புல நீர் வத்திப் போவும், மனசும் விட்டுப் போவும். அதுவும் ஒரு கேடுதான். கென்டக்கியில லூயிவில்ங்குத ஊர்ல ஃப்ரேசியர் ஆஸ்பத்திரியில 1984-லயே, வாய நல்லாச் சுத்தம் பண்ணிட்டுப் பச்சத் தண்ணி குடுக்குத முறைய ஆரம்பிச்சாச்சு. சாப்பாடும் அழுக்கு வாயில உள்ள கிருமியும் நுரையீரலுக்குப் போறதுதான் ரொம்ப மோசம், சுத்தமான தண்ணி கொஞ்சம் போனா ஒடம்பு தாங்கிக்கிடும்ங்குததுதான் கணக்கு. எல்லாருக்கும் இது ஆவாது, ஆளப் பாத்துதான். உன் பெரியவருக்கு எழுதினதும் அதுபோலத்தான் இருக்கு. ஏன் பல்லத் தேய்க்கச் சொன்னாவன்னு இப்பப் புரியுதா?

இன்னொண்ணு. இத எழுதும்போ அந்த நர்ஸக் கெட்டவளாக் காட்டிராத மக்ளே. ராத்திரி ஒரு ஆளு எத்தன பேரப் பாக்கணும்னு உனக்குத் தெரியும். எங்க எடத்துல முப்பது பேரு. மருந்து குடுக்கணும், விழுந்தவரத் தூக்கணும், போன் எடுக்கணும். அவ மறந்தது அவ கொணம் இல்ல. அதயும் ஒரு வரி எழுது. படிக்குதவங்களுக்கு நீ எப்படிப்பட்ட பிள்ளன்னு அந்த ஒரு வரியில தெரிஞ்சுரும்.

பெரியவரு யாருன்னு தெரியுத மாதிரி எதுவும் எழுதாத. ஊரு, முன்ன பாத்த வேல, அறை நம்பர், எதுவும் வேண்டாம்.

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உன் பாட்டிக்கு டயாலிசிஸுன்னு சொன்னியே. அவுங்களுக்கும் தண்ணி அளவுதானே குடுப்பாவ? நீ அப்போ வீட்டுல இருந்தியா?

நெல்லைமகள்:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

ஆமாம். பாட்டிக்கு அளவுத் தண்ணீர்தான். அம்மா காலையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வைப்பாள், அன்றைக்கு முழுவதும் அதுதான். மருந்து விழுங்குவதும் அதில்தான். சித்திரை வெயில். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. “ஏட்டி, பானையில ஒரு சொம்பு மோந்து தா. ஒங்கம்மைட்ட சொல்லாத” என்றாள். மோந்து கொடுத்தேன். மண்பானைத் தண்ணீர். நின்ற இடத்திலேயே அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் கொடுத்தேன். அன்றைக்குப் பாட்டி சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் தெரியும்.

ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தாள். வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று பிற்பாடு பெரியவர்கள் பேசியது காதில் விழுந்தது. மூன்று நாளில் திரும்பி வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். ஆனால் அந்த இரண்டு சொம்பை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டியும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பழைய கட்டுரையில் டாக்டர் பாட்டி கையைப் பிடித்தார் என்று எழுதினேனே, அது அந்த மூன்று நாளில்தான் நடந்தது. நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. நான் கொடுத்தது தெரிந்துவிடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் அந்தக் குழாயைத் திறக்க என் கை ஏன் போகவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. விதி என்பதால் என்று நினைத்திருந்தேன்.

இதைக் கட்டுரையில் எழுதலாமா? எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஹூஸ்டன்வாசி:

குறுக்கே வரேன், மன்னிச்சுக்கோ கண்ணு. என் பையனும் இரண்டாவது தடவைதான் சேர்ந்தான், அதனால் வீட்டுப்பக்கம் இருந்து இரண்டு வார்த்தை.

உன் அம்மாகிட்ட முதல்ல சொல்லு. கட்டுரை அப்புறம். பதினைந்து வருஷமா நீ ஒருத்தியே சுமந்திருக்க. ஒன்பது வயசுக் குழந்தைகிட்ட தாகத்துல ஒரு பெரியவங்க தண்ணி கேட்டா, அது என்ன பண்ணும்? அம்மாவும் இதைத்தான் சொல்லுவா.

அப்புறம் வேலையைப் பார். சிபாரிசுக் கடிதம் எல்லாம் திரும்ப அனுப்ப வைக்கணும், போன தடவை வந்தது இந்தத் தடவைக்குத் தானா வந்து சேராது. என் பையன் இது தெரியாம ஜூன்ல ஓடினான். உன் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட இப்பவே கேட்டு வை. எம்கேட் எத்தனை வருஷம் வரைக்கும் ஏத்துக்கறாங்கன்னு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியா பார், அது எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லை. எங்க ஊர்க் கல்லூரிகளுக்குப் போட்டா அது ஆம்காஸ் இல்லை, டெக்சாஸுக்குத் தனி விண்ணப்பம், கட்டுரையும் அங்க 5,000 எழுத்துதான். 5,300-க்கு எழுதிட்டு அப்புறம் வெட்ட முடியாம தவிக்காதே.

கொங்குத்தம்பி:

நெல்லைமகள், எழுதலாம்ங்க. எழுதணும்.

ஆனா எப்படிங்கறது முக்கியம். உங்க பயம் எனக்குப் புரியுது. இதைப் படிக்கறவங்க ஒன்பது வயசுக் குழந்தையை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. தப்பு வர்றது வேற இடத்துல. பாட்டிக்கு நடந்ததுக்குப் பரிகாரமா டாக்டர் ஆகறேன்னு ஒரு தொனி வந்துட்டா, கட்டுரை கெட்டுப் போயிடும். ஒரு நோயாளி உங்க குற்ற உணர்ச்சியைத் தீர்க்க வந்த ஆள் இல்லையே. அந்தப் பெரியவர் அவருக்காகத் தாகமா இருந்தார்.

அதனால பாட்டியைக் கொஞ்ச இடத்துல வைங்க. அளவுச் சொம்பு, பானை, இரண்டு சொம்பு, ராத்திரி கார். ஆறேழு வாக்கியம் போதும். விளக்கம் வேண்டாம். மிச்சம் முழுக்க நவம்பர்.

“எதையும் சாதிக்கவில்லை”னு எழுதினீங்க பாருங்க, அதைப் படிச்சப்பதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. ஒன்பது நாள் கழிச்சு நல்லது நடந்ததை உங்க வெற்றியா எழுதிடாதீங்க. இரண்டு தடவை சொன்னேன், ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார், இதுதான் நடந்தது, இதையே எழுதுங்க.

இப்ப முக்கியமான இடம். கல்லூரியோட சேர்க்கைக் கமிட்டியில யாராவது ஒருத்தர் கண்டிப்பாக் கேட்பாங்க, இது நர்ஸ் வேலை, ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை, நீ ஏன் டாக்டர் ஆகணும்னு. இன்டர்வியூவுல எனக்கும் வந்துச்சு. உங்ககிட்ட பதில் இருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க. “சரியா? எனக்குத் தெரியவில்லை.” இந்த ஆளுக்கு, இந்த மூளைப் பாதிப்புக்கு, இந்த நுரையீரலுக்கு, ஒரு வாய் தண்ணியோட ஆபத்து எவ்வளவு, அதைக் கொடுக்காததோட ஆபத்து எவ்வளவு, இவர் எதை விரும்புவார், இதையெல்லாம் ஒன்னா வச்சு எடை போட்டு, அந்த முடிவுக்குத் தன் பேரைக் கையெழுத்துப் போடறது யார்? நான் இப்ப வார்டுல தினம் செய்யறது அதுதான். சில நாள் தண்ணி வேண்டாம்னு நானும் எழுதியிருக்கேன். எழுதிட்டு அந்த அறைக்குள்ள போய் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அந்த எடையைத் தூக்கக் கத்துக்கத்தான் போறேன்னு நீங்க எழுதினா, ஏன் டாக்டர்ங்கறதுக்கு வேற பதில் தேவையில்லை.

அக்கா சொன்ன ஃப்ரேசியர் விஷயத்தைப் போய்ப் படிங்க. படிச்சுட்டு அந்தப் பெரியவர் ஞாபகமா உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு ஒரு பத்தி. ஆய்வகம் பத்தி எழுதின பழைய பத்தியை விட அது உங்க படிப்பைப் பத்தி நிறையச் சொல்லும்.

வரவேற்பு மேசை வேலை, ஆய்வகம் எல்லாம் கட்டுரையில வேண்டாம். செயல்பாட்டுப் பட்டியல்ல 15 இடம் இருக்கு, ஒவ்வொன்னுக்கும் 700 எழுத்து, அங்கே போடுங்க. மிக முக்கியமானதுன்னு மூனு குறிக்கலாம், அதுக்கு இன்னும் 1,325 எழுத்து தருவாங்க. சி.என்.ஏ. வேலையைக் கண்டிப்பா அதுல ஒன்னாக் குறிங்க. ஆனா தண்ணிக் கதையைத் திரும்ப எழுதாதீங்க. அந்த வேலையில வேற என்ன பார்த்தீங்களோ அது.

ஆலோசகர் கொடுத்ததை மூடி வைங்க. மெஷின்கிட்டயும் கொடுக்காதீங்க. யோசிக்கவும் பிழை பார்க்கவும் ஏ.ஐ. பயன்படுத்தலாம், ஆனா எழுத்து உங்களுதா இருக்கணும்னுதான் ஆம்காஸை நடத்தற ஏ.ஏ.எம்.சி.யே சொல்லுது. உங்க விஷயத்துல விதிக்காகச் சொல்லலை. அந்தப் பஞ்சைக் கடிச்சுப் பிடிச்சதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது.

ஒரு தடவை அனுப்பிட்டா கட்டுரையில ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. ஏப்ரல் முழுக்க எழுதுங்க. மே மாசம் எழுதாதீங்க, சத்தமாப் படிக்க மட்டும் செய்யுங்க.

நெல்லைமகள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ஹூஸ்டன் அம்மா, சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து, அம்மா காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது. அம்மா ஆற்றுவதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள். பானையில் தண்ணீர் குறைந்திருந்ததை அன்றைக்கே பார்த்தாளாம். பாட்டியும் சாவதற்கு முன்னால் சொன்னாளாம், “பிள்ளையக் கேக்காத, நான்தான் வாங்கிக் குடிச்சேன்” என்று. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மா காபியைக் கையில் கொடுத்தாள்.

நாஞ்சில் அக்கா, அந்த நர்ஸைப் பற்றி எழுதிவிட்டேன். “அந்த இரவு அவர் பொறுப்பில் இருபத்தெட்டுப் பேர். அவர் குறித்துக்கொண்ட தாள், மற்ற இருபத்தேழு பேரின் தாள்களுக்குக் கீழே போனது.” இவ்வளவுதான்.

கலர் பேனாவும் செய்தேன் அண்ணா. பழைய கட்டுரையில் பச்சை ஒரே ஒரு வரி: “நான் கதவின் அருகே நின்றேன்.” புதியது அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி:

“எனக்கு ஒன்பது வயது. நான் கதவின் அருகே நின்றேன். உள்ளே என் பாட்டிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியம் அவளுக்கு நான் இரண்டு சொம்பு தண்ணீர் கொடுத்திருந்தேன். பதினைந்து வருடம் கழித்து, இன்னொருவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இரண்டில் எது சரி என்று நான் அந்த இரவு அறிந்திருக்கவில்லை. தாகத்தின் வலிமையை நான் அன்று கற்றுக்கொண்டேன்.”

கடைசி வரி பற்றிச் சந்தேகம். இன்னொன்று, மொத்தம் 4,980 எழுத்து வந்திருக்கிறது. மிச்சம் இருக்கும் 320-ல் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பதைச் சேர்க்கலாமா?

கொங்குத்தம்பி:

கடைசி வரியை எடுத்துடுங்க. அதுக்கு முந்தின வரியோட நிக்கட்டும். தமிழ்ப் பள்ளி பட்டியலுக்குப் போகட்டும். அந்த 320 எழுத்து காலியாவே இருக்கட்டும்ங்க.

நாஞ்சில்செவிலி:

மக்ளே, அந்தப் பெரியவரு இப்பம் எப்படி இருக்காரு?

நெல்லைமகள்:

இருக்கிறார் அக்கா. இன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த வரிசைதான். பல் தேய்த்துவிட வேண்டும்.